ஜெர்மனியில் ஓ-பேர் வேலை: மாம்பலத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

அக்காவின் வளைகாப்புக்காக இரண்டு வார லீவில் மேற்கு மாம்பலம் வந்திருக்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில், ம்யூன்ஸ்டர் என்ற ஊரில், ஒரு குடும்பத்தோடு ஓ-பேராக இருக்கிறேன். "பெரியவளுக்கு ஏழாம் மாசம், சின்னவளுக்குப் பத்தாம் மாசம்" என்று சித்தப்பா பந்தியில் ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். வளையல் அடுக்கும்போது பெரியம்மா, வாழை இலை போடும்போது மாமா, வாட்ஸ்அப்பில் கல்லூரி ஜூனியர்கள். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

ஓ-பேர் என்றால் என்ன?

ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு. அறை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. ஜெர்மனியில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். எனக்கு ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது.

பி.காம். முடித்துவிட்டு ஆயா வேலைக்கா போனாய்?

பெரியம்மா கேட்டது. நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். ஆமாம், டயப்பர் மாற்றுகிறேன், மூக்கு துடைக்கிறேன், கீழே கொட்டிய பாஸ்தாவைப் பொறுக்குகிறேன். பாதி நாள் அதுதான்.

ஆனால் சட்டப்படி அது வேலை இல்லை. 'ஓ பேர்' என்பது பிரெஞ்சு; சரிசமமாக என்று பொருள். அதனால்தான் சம்பளம் என்று சொல்லாமல் கைப்பணம் என்கிறார்கள், அதனால்தான் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் எங்களுக்குப் பொருந்தாது. சரிசமம் என்கிற வார்த்தையை வைத்து மிச்சம் பிடிக்கிறார்கள் என்றும் ஒருவர் சொல்லலாம். முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் எதிர்பார்க்காதது சாப்பாட்டு மேஜை. எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, எப்போதும் அதே நாற்காலி. நான் உட்காராமல் யாரும் சாப்பிட ஆரம்பிப்பதில்லை. முதல் வாரம், பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிடலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். ஐந்து வயதுக்காரி தட்டைத் தட்டிக்கொண்டு, "ஏன் இவள் நிற்கிறாள், எனக்குப் பசிக்கிறது" என்று அழுதாள்.

லீவில் வந்த மறுநாள் காலை நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, எனக்குப் பத்து வயதிலிருந்து வருகிறார். அவருக்கென்று ஒரு சில்வர் டம்ளர், பின்பக்க ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். இத்தனை வருடமாக அது அங்கே இருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. அதாவது, கண்ணில் பட்டிருக்கிறது, பார்த்ததில்லை. அன்றைக்கு அவருக்கு எங்கள் டபரா டம்ளரிலேயே காபி ஊற்றிக் கொடுத்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. அந்த அக்கா காபியைத் தன் டம்ளருக்கு மாற்றிக்கொண்டு, டபராவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

யார் போகலாம்? என்ன தகுதி வேண்டும்?

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 27 தொட்டிருக்கக் கூடாது. ஜெர்மன் ஏ1, அதாவது ஆரம்ப நிலைத் தேர்வு. நான் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் ம்யூல்லர் பவனில் எழுதினேன். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ். ஏ1 போதும் என்பது விசாவுக்குத்தான். "ஷூவைப் போடு, இல்லை, அந்தக் காலில் இல்லை, மற்றக் காலில்" என்று இரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்வதற்கு ஏ1 போதாது. அடுத்த நிலையான ஏ2 வரை படித்துவிட்டுப் போங்கள்.

பையன்களும் போகலாம். ஜூனியர் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். தயங்க வேண்டாம்.

அங்கே இருக்கிற நம்ம ஊர்க் குடும்பத்தோடு இருக்கலாமே? சாம்பார் சாதமாவது கிடைக்கும்.

முடியாது. வீட்டில் ஜெர்மன் பேசும் குடும்பமாக இருக்க வேண்டும். உங்கள் சொந்த நாட்டிலிருந்து போன குடும்பமாக இருக்கக் கூடாது. மொழி கற்கத்தானே விசா கொடுக்கிறார்கள். மாமா இதை நம்பவில்லை. "ஃப்ராங்க்ஃபர்ட்ல நம்ம பாலு இருக்கானே" என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு டிபன் டப்பா. ப்ரோட்டோஸ என்பார்கள். கறுப்பு ரொட்டி, அதில் சீஸ், பக்கத்தில் நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய், ஆப்பிள். சூடாக எதுவும் கிடையாது. முதல் நாள் பாவம் பார்த்து உப்புமா கிளறி வைத்தேன். அப்படியே திரும்பி வந்தது.

அப்புறம் உடை மாற்றும் படலம். டிசம்பர், ஜனவரியில் இதற்கே இருபத்தைந்து நிமிடம். உள்ளே பனியன், மேலே ஸ்வெட்டர், அதன் மேல் தலை முதல் கால் வரை ஒரே துண்டாகப் பனி உடை, பூட்ஸ், தொப்பி, கழுத்துக்குத் துணி, கடைசியில் கையுறை. கையுறையில் கட்டைவிரல் போக வேண்டிய பொந்தில் இரண்டு வயதுக்காரன் நாலு விரலையும் நுழைப்பான். எடுத்து, திருப்பி நுழைத்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து முடித்து நிமிர்ந்தால், பெரியவள் மெதுவாக "பிப்பி" என்பாள். ஒன்றுக்கு வருகிறதாம். ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ம்யூன்ஸ்டர் சைக்கிள் ஊர். பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் நகரத்தைச் சுற்றி மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே பாதை விட்டிருக்கிறார்கள். முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பேரையும் உட்கார வைத்து மிதிக்க வேண்டும். ஆரியகௌடா ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டியவள் என்ற திமிரில் ஏறினேன். திருப்பத்தில் பெட்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். குழந்தைகள் உள்ளே இல்லாத நேரம், தப்பித்தேன். மழைக்காகச் சைக்கிளை நிறுத்த முடியாது. அந்த ஊரில் ஒன்று மழை பெய்யும், இல்லை சர்ச் மணி அடிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

குழந்தைகளைக் கிண்டர்கார்டனில் விட்ட பிறகு மூன்று நாள் எனக்கு மொழி வகுப்பு. மதியம் இரண்டரைக்குத் திரும்ப அழைத்து வந்து, விளையாட்டுத் திடல், சேறு. சேற்றில் புரள்வதற்கென்றே ரப்பர் பேன்ட் விற்கிறார்கள், எந்த அம்மாவும் "அழுக்காகாதே" என்று கத்துவதில்லை. ஏழரைக்குத் தூக்கம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து ஆகிவிடும். ஜன்னல் ஷட்டரை இறக்கி, ராத்திரி ஆகிவிட்டது என்று பொய் சொல்லித் தூங்க வைப்பதும் என் பொறுப்பு.

இதெல்லாம் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு முப்பது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பெற்றோர் வெளியே போக, நாம் வீட்டில் குழந்தைக்குக் காவல் இருக்கும் இரவும் இந்தக் கணக்கில்தான் வரும். வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு, முழு வருடத்துக்கு நாலு வாரம் லீவு. குழந்தைகள் துணி மடிப்பது, டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்குவது நம் வேலை. வீடு முழுக்கத் துடைப்பது, தோட்டத்தில் கொத்துவது நம் வேலை இல்லை.

சம்பளம் எவ்வளவு? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

மாதம் 280 யூரோ. மொழி வகுப்புக்குக் குடும்பம் மாதம் 70 யூரோ தனியாகத் தர வேண்டும். 2025 நடுவில் 280 யூரோ 27,000 ரூபாய்க்கு மேலே இருந்தது. "தங்குவதும் சாப்பிடுவதும் சும்மா, அப்படியே மிச்சம்தானே" என்றார் மாமா. உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்த மாத டிக்கெட் 2025இல் 58 யூரோ. வகுப்புக் கட்டணத்தில் 70 போக மிச்சம், போன், தோழிகளோடு ஒரு காபி, குளிர்காலத்தில் ஒரு நல்ல ஷூ. ஓட்டலில் ஒரு மசால் தோசை சாப்பிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலைமையில் இருப்பவர்கள் இந்த வழியில் வராதீர்கள். பத்து மாதத்தில் என்னால் சேர்க்க முடிந்தது இந்த லீவுக்கான விமான டிக்கெட்டில் பாதி. மீதி அப்பா.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

அம்மாவின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வி, நடுவிலும் இதுதான். ராத்திரி அவர்கள் அடுப்பே பற்றவைப்பதில்லை. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி, முடிந்தது. நான் சைவம் என்பதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாம்பார் வைத்தேன். அந்த வீட்டு அம்மா ருசித்துச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் வீட்டின் ஏழு ஜன்னல்களையும் திறந்து வைத்தார். வெளியே நாலு டிகிரி. சாம்பார் மேல் கோபம் இல்லை. எந்தக் குளிரிலும் தினமும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவது அவர்கள் வழக்கம். ஆனாலும் அன்றைக்குப் பெருங்காயத்துக்காகத்தான் திறந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதிலிருந்து பெருங்காய டப்பா இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கராஜில் இருக்கிறது.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு ஈழத் தமிழர் கடை. முதல் தடவை போனபோது கல்லாவில் இருந்த அம்மா, "பிள்ளை, நீங்கள் இந்தியாவோ?" என்றார். ஓம் என்று சொல்வதா ஆமாம் என்று சொல்வதா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதைச் சொன்னவரும் அவர்தான். ரயிலில் அரை மணி நேரம். 2002இல் எழும்பிய கோயில். தொழிற்பேட்டை, லாரி, கால்வாய், நடுவில் கோபுரம். மழைக்கோட்டோடு அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கற்பூர வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது.

தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா?

டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். மாம்பலத்தில் ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருப் பக்கம் கால் வைக்க முடியாமல் இருந்தவளுக்கு, தெருவில் நாய் கூட இல்லாத ஞாயிறு பழக மூன்று மாதம் ஆனது. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி. குழந்தைகள் தூங்கி நான் அறைக்கு வரும்போது இங்கே நள்ளிரவு. அம்மா தூங்காமல் காத்திருப்பாள். "தூக்கம் வரல, அதான்" என்பாள். மார்கழியில் அவள் கோலம் போட எழுந்திருக்கும் நேரத்தில் நான் அப்போதுதான் அழுது முடித்துத் தூங்கியிருப்பேன். இப்போது பரவாயில்லை.

அந்தக் குடும்பம் சரியில்லை என்றால் என்ன செய்வது?

ஒப்பந்தத்தில் இரண்டு வார நோட்டீஸ் இருக்கும், குடும்பத்தை மாற்றிக்கொள்ளலாம். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வாரம் ஐம்பது மணி நேரம் வேலை, அறை என்ற பெயரில் இஸ்திரி போடும் இடம். அறை குறைந்தது எட்டு சதுர மீட்டர், ஜன்னலோடு, வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தான் செய்த மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். மூன்று வாரக் கணக்கைக் காட்டிவிட்டு வேறு குடும்பத்துக்குப் போனாள். முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், குடும்பம் தங்கமாக இருந்தாலும்.

ஏஜென்ட் வேண்டுமா?

இங்கே ஒருவர் என்னிடம் ஒன்றரை லட்சம் கேட்டார். ஓ-பேரிடமிருந்து ஜெர்மன் ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அந்த நாட்டில் 150 யூரோ என்று உச்சவரம்பு இருக்கிறது. விசாக் கட்டணம் 75 யூரோ. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கணக்கைக் கேளுங்கள். குடும்பத்தோடு வீடியோவில் மூன்று நான்கு முறை பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தைகளையும் பார்க்கக் கேளுங்கள். விசாவுக்கு, இன்ஷூரன்ஸுக்கு என்று முன்பணம் கேட்கும் 'குடும்பம்' குடும்பமே இல்லை.

கல்யாணம்?

அக்கா குழந்தை பிறக்கட்டும், பேசலாம்.

இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க முடியாதா?

முடியாது. ஒரு வருடம்தான், வாழ்க்கையில் ஒரு தடவைதான். முடிவு தேதி இப்படி முகத்துக்கு நேரே நிற்பதால்தான் நாலாவது மாதமே "அடுத்து என்ன" என்று ஆரம்பித்துவிடுகிறது.

சரி, அடுத்து என்ன?

சென்னையில் எல்லோரும் கேட்பது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. என் சுவரில் ஜனவரியிலிருந்து ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

மேற்படிப்பு: இந்தியச் சான்றிதழ்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்ற அமைப்பின் சரிபார்ப்பு கட்டாயம். முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாமல் வங்கியில் முடக்கி வைக்கும் கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் அந்தப் பணம் அப்பாவின் பி.எஃப். அக்கா கல்யாணத்துக்கே அதில் கை வைத்தாயிற்று. அடித்துவிட்டேன்.

வாய்ப்பு அட்டை: 2024 ஜூனில் வந்தது, வேலை தேடப் போவதற்கான விசா. புள்ளிகள் சேர வேண்டும், அதற்கும் கையில் பணம் காட்ட வேண்டும். பி.காம். படிப்பையும் அரைகுறை ஜெர்மனையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் வேலை தேடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஐ.டி. படித்தவர்கள் யோசிக்கலாம்.

தன்னார்வ ஆண்டு: 27 வயதுக்குள் மருத்துவமனை, முதியோர் இல்லம், கிண்டர்கார்டனில் கைப்பணத்துக்கு வேலை. முடிவைத் தள்ளிப்போட நல்ல வழி. தள்ளிப்போட வேண்டாம் என்று தோன்றியது, அடிக்கவும் மனம் வரவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சென்னைக்கே திரும்புவது: இதைத் தோல்வி மாதிரி பேசுகிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பி2 ஜெர்மன், அதாவது ஏ2வுக்கு இரண்டு படி மேல், இருந்தால் ஓ.எம்.ஆரில் மொழி தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.

அவுஸ்பில்டுங்: வேலை செய்துகொண்டே படிக்கும் தொழிற்பயிற்சி, நர்சிங்குக்கு மூன்று வருடம். படிக்கும்போதே சம்பளம், பொதுத்துறை ஊதிய விகிதத்தில் முதல் வருடமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல், பிடித்தம் போவதற்கு முன்னால். பயிற்சி இடத்தின் ஒப்பந்தம் முதலில் கையில் இருக்க வேண்டும், நர்சிங்குக்கு பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள்.

குழந்தைகளோடு இருப்பதால் கிண்டர்கார்டன் டீச்சர் பயிற்சிக்குத்தான் போவாய் என்று அந்த வீட்டு அம்மாவே நினைத்திருந்தார். எனக்கு இந்த இரண்டு குழந்தைகளைப் பிடிக்கும். இருபது குழந்தைகளைப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. ஏப்ரலில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க விட்டார்கள். சித்திரை முதல் தேதிக்காக வைத்த மருதாணி என் கையில் இன்னும் போகவில்லை. தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி என் உள்ளங்கையைப் பிடித்து, எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கறை என்று நினைத்துவிட்டார். போகவில்லை என்றதும், "சோப்பு போட்டுக் கழுவு குழந்தை" என்றார். என் பாட்டி அரிசி மாவுக் கையோடு திட்டுவது போலவே இருந்தது. பயிற்சி தரும் பெண்மணி மட்டும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: இரவு ஷிஃப்ட் உண்டு, பண்டிகை நாளிலும் வர வேண்டும், இடுப்பு வலிக்கும், ஆறு மாதத்தில் விட்டுப் போகிறவர்கள் உண்டு.

மே மாதம் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்று 'வருந்துகிறோம்'. இன்னொன்றில் பி2 தேர்வு முடிவோடு வாருங்கள் என்றிருக்கிறார்கள். தேர்வு ஜூலையில். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "குழந்தைக்கு டயப்பர் மாத்தினது போதாதா?"

நீ அங்கேயே இருந்துவிடுவாயா?

பி2 பாஸ் ஆனால் மூன்று வருடம். ஆகாவிட்டால் செப்டம்பரில் மாம்பலம். அதற்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பெட்டியில் என்ன எடுத்துப் போகிறாய்?

பெருங்காயம் வேண்டாம், இருக்கிறது. முறுக்கு இரண்டு கிலோ, ஈழத்துக் கடை அம்மாவுக்கு மல்லிகைப்பூ எசென்ஸ் போட்ட சாம்பிராணி, பி2 மாதிரி வினாத்தாள் கட்டு. சின்னவனுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. தலை உடையாமல் போய்ச் சேர வேண்டும், என் சுடிதாருக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். பெரியவளுக்கு வளைகாப்பில் மிஞ்சிய கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். அங்கே குழந்தைகள் நாளை எண்ணுவதில்லை, தூக்கத்தை எண்ணுகிறார்கள். நேற்று வீடியோவில் வந்து, இன்னும் எத்தனை தூக்கம் என்று கேட்டாள். ஐந்து என்று விரலை விரித்துக் காட்டினேன். விமானத்தில் தூங்குவதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்றாள்.